கடைக்காரர் எந்தப் பக்கம்? டென்ட், சைக்கிள், ரக்சாக் வாங்குமுன் வடசென்னையிலிருந்தே சரிபார்க்கும் வழி

ஞாயிறு விடியலில் எண்ணூர் பக்கமோ பழவேற்காட்டுப் பக்கமோ சைக்கிள் மிதிக்கிற எந்த வாட்ஸ்அப் குழுவிலும் அவ்வப்போது ஒரு செய்தி வந்து விழும்: "இந்தக் கம்பெனி பொருளை வாங்காதீங்க, அவங்க அந்தக் கட்சிக்குப் பணம் கொடுக்கறாங்க." கீழே நாற்பது பதில்கள். பாதிப் பேர் கொதிப்பார்கள். மீதிப் பேர் "பைக்கும் பாலிடிக்ஸுக்கும் என்னய்யா சம்பந்தம்" என்பார்கள். செய்தி உண்மைதானா என்று மட்டும் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார். பார்க்க ஒரு மணி நேரம் போதும், பெரும்பாலும் காசும் செலவாகாது.

வந்த செய்தி எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஏதோ சொன்னது என்கிறார்களா, யாருக்கோ பணம் கொடுத்தது என்கிறார்களா, பொருளைச் செய்யும்போதும் விற்கும்போதும் யாரையோ, எதையோ கெடுக்கிறது என்கிறார்களா? சொல், பணம், செய்கை என்று வைத்துக்கொள்வோம். சொல்லுக்காக மட்டும் கடை மாற வேண்டிய நிலை அபூர்வம். பணத்துக்காக மாறலாம், சரிபார்த்த பிறகு. செய்கைக்காக மாறுவதில்தான் நியாயம் அதிகம். குழுக்களில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். சொல்லுக்கு ஊரே கூடும், செய்கையை ஒருவரும் கேட்பதில்லை.

அமெரிக்கச் சண்டையை இங்கே இறக்குமதி செய்யுமுன்

குழுக்களில் சுற்றும் கதைகளில் பல அமெரிக்காவில் பிறந்தவை. அவற்றின் விவரம் தெரிந்தால் மூன்று வகைகளும் எப்படிக் குழம்புகின்றன என்பது விளங்கும்.

2017 டிசம்பரில் யூட்டா மாநிலத்தின் பேர்ஸ் இயர்ஸ் பாதுகாப்பு நிலத்தை டிரம்ப் ஏறத்தாழ 85 சதவீதம் குறைத்தார். மலையேற்ற உடைகள் விற்கும் பட்டகோனியா தன் இணையதள முகப்பைக் கறுப்பாக்கி, ஜனாதிபதி உங்கள் நிலத்தைத் திருடிவிட்டார் என்று எழுதியது. அது சொல். கூடவே வழக்கும் போட்டது. 2022 செப்டம்பரில் நிறுவனர் இவான் ஷுனார்டின் குடும்பம் கம்பெனியை ஓர் அறக்கட்டளைக்கும், சுற்றுச்சூழலுக்குச் செலவிடும் ஓர் அமைப்புக்கும் எழுதிக் கொடுத்தது. அது பணம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போடக் கூடாது.

உடை, முகாம் பொருள் விற்கும் எல்.எல்.பீன் கதை வேறு மாதிரி. 2017 ஜனவரியில் அந்தக் கடையைப் புறக்கணிக்கச் சொன்னதற்குக் காரணம், நிறுவனரின் பேத்தி லிண்டா பீன் டிரம்ப் ஆதரவுக் குழுவுக்குத் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தது. அவர் இயக்குநர் குழுவில் இருந்தவர், உண்மைதான். ஆனால் ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பத்தினர் சேர்ந்து வைத்திருக்கும் கம்பெனி அது. நம்மூரில் கூட்டுக் குடும்பத்துக் கடையில் சித்தப்பா ஒரு கட்சி, அண்ணன் மகன் இன்னொரு கட்சி என்று இருப்பது போலத்தான். ஒருவர் தன் பையிலிருந்து கொடுத்ததற்கு மொத்தக் கல்லாவையும் குற்றம் சொல்வது முதல் பிழை.

ஆர்இஐ 1938இல் சியாட்டிலில் தொடங்கிய, மலையேற்ற, முகாம் பொருள் விற்கும் கூட்டுறவுக் கடை. ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, 2018 மார்ச்சில், விஸ்டா அவுட்டோர் நிறுவனத்திடம் புதிதாகச் சரக்கு எடுப்பதை நிறுத்தியது. கேமல்பேக் தண்ணீர்ப் பை, ஜைரோ, பெல் ஹெல்மெட்டுகள் எல்லாம் அன்று அந்த நிறுவனத்தின் பிராண்டுகள். அதே நிறுவனம் அன்று சாவேஜ் என்ற துப்பாக்கிக் கம்பெனியையும் வைத்திருந்தது. 2019இல் சாவேஜை விற்றுவிட்டது. 2018இல் எழுதப்பட்ட செய்தி இன்றும் குழுக்களுக்கு வருகிறது, தேதி இல்லாமல். காரணம் நீங்கிய பிறகும் பழைய குற்றச்சாட்டை இன்றைய பொருள் மேல் ஏற்றுவது இரண்டாவது பிழை.

இதே ஆர்இஐ 2025 ஜனவரியில் டிரம்ப் அரசில் டக் பர்கம் அமைச்சராவதை ஆதரித்த ஒரு கூட்டுக் கடிதத்தில் கையெழுத்திட்டது. உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஏப்ரலில் புதிய தலைமை அதிகாரி அது தவறு என்று சொல்லிப் பின்வாங்கினார். தமிழில் இதை 'உள்துறை அமைச்சர்' என்று மொழிபெயர்த்துப் போட்டுவிடுகிறார்கள். படிப்பவர் போலீஸ் துறை என்று நினைத்துக்கொள்கிறார். அங்கே அந்தத் துறையின் வேலை பொது நிலம், தேசியப் பூங்கா. மலையேறுகிறவர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள துறை என்பதால்தான் அவ்வளவு கோபம்.

வியாசர்பாடியில் இருப்பவருக்கு இதிலிருந்து என்ன? ஆர்இஐக்கும் பட்டகோனியாவுக்கும் இங்கே கடை கிடையாது. வாங்கப் போகாத கடையைப் புறக்கணிப்பது, பசியில்லாத நேரத்தில் உண்ணாவிரதம் இருப்பது போல. உங்கள் பணம் உண்மையில் போகிற இடங்கள் நான்கைந்துதான்: பெரியமேட்டு விளையாட்டுப் பொருள் கடைகள், தெருமுனை சைக்கிள் கடை, காசிமேட்டு வலை, கயிறு கடைகள், டெக்கத்லான் போன்ற பெருங்கடை, ஆன்லைன் தளங்கள். அவற்றைப் பாருங்கள்.

டெக்கத்லானும் இந்த விவகாரத்துக்குப் புதியதல்ல. 2019 பிப்ரவரியில் ஓடுவதற்கான ஹிஜாப் ஒன்றை பிரான்சில் விற்கப்போவதாகச் சொல்லி, அங்கே அரசியல்வாதிகள் கிளப்பிய எதிர்ப்பில் அதைக் கைவிட்டது. அறிவித்ததற்கு ஒரு தரப்பும் கைவிட்டதற்கு இன்னொரு தரப்பும் கோபித்துக்கொண்டன. பெருங்கடையின் 'நிலைப்பாடு' பெரும்பாலும் எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் சாயும். சொல்லுக்குக் குறைந்த எடை போடச் சொல்வது அதனால்தான்.

பொருளுக்குப் பின்னால் யார்

பையிலோ டென்ட்டிலோ பெரிதாகத் தைத்திருக்கும் பெயர் பிராண்ட். பணம் போவது அந்தப் பெயருக்கு இல்லை. அட்டைப் பெட்டியிலோ தொங்கும் சீட்டிலோ சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளர், பேக் செய்தவர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், ஆண்டு, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளானால் எந்த நாடு என்பதும் வேண்டும். ஆன்லைனில் இதே விவரம் பொருள் பக்கத்தின் அடியில், யாரும் விரித்துப் பார்க்காத இடத்தில் கிடக்கும். இந்தச் சீட்டே இல்லாத பொருளென்றால் அரசியல் கேள்வி அப்புறம், முதலில் அதை வாங்கலாமா என்று யோசியுங்கள். ஜிப் போனால் கேட்க ஆளிருக்காது.

அடுத்து பில். ஜிஎஸ்டி எண் 15 எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து, பான் எண். ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்தைப் பாருங்கள். 'பி' என்றால் தனிமனிதர் நடத்தும் கடை, 'எஃப்' என்றால் கூட்டாளிகள் நடத்துவது, 'சி' என்றால் கம்பெனி. பெரியமேட்டில் பெரிய பெயர்ப்பலகை வைத்த கடையின் பில்லில் 'பி' இருந்தால், நீங்கள் பேசுவது ஒரு மனிதரோடு. ஜிஎஸ்டி இணையதளத்தில் லாகின் இல்லாமலே எண்ணைத் தட்டினால் சட்டப்படியான பெயரும் வணிகப் பெயரும் வரும். இரண்டும் வேறு வேறாக இருப்பது சகஜம். தேட வேண்டியது சட்டப்படியான பெயரை.

பில்லில் எண்ணே இல்லையா? உடனே ஏமாற்று என்று முடிவு கட்டாதீர்கள். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குக் குறைவான சரக்குக் கடைக்குப் பதிவு கட்டாயமில்லை. பஞ்சர் கடைக்காரரிடம் ஜிஎஸ்டி எண் கேட்பவர் அடுத்த முறை காற்றடிக்க வேறு தெருவுக்குப் போக வேண்டியிருக்கும்.

கம்பெனி என்று தெரிந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்துக்குப் போங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 எழுத்து அடையாள எண் உண்டு. 'எல்' என்று தொடங்கினால் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது, 'யு' என்றால் பட்டியலிடாதது. நடுவில் மாநிலத்தின் இரண்டெழுத்தும் தொடங்கிய ஆண்டும் இருக்கும். இயக்குநர்கள் யார் என்பதை இலவசமாகவே பார்க்கலாம். ஆண்டுக் கணக்கைப் பார்க்க கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டணம். பட்டியலிட்ட கம்பெனிக்கு அதுவும் தேவையில்லை, ஆண்டறிக்கை அதன் தளத்திலேயே கிடைக்கும்.

பணம் எங்கே போனது

2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 182ஆம் பிரிவு, கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க அனுமதிக்கிறது. தொடங்கி மூன்று நிதியாண்டு ஆகியிருக்க வேண்டும், இயக்குநர் குழு தீர்மானம் போட வேண்டும், லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும். 2017இல் உச்சவரம்பையும் கட்சிப் பெயரைச் சொல்லும் கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரி 15இல் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தங்களையும் சேர்த்தே ரத்து செய்தது. ஆகவே, மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்ற பழைய வரம்பு திரும்பிவிட்டது.

தேட வேண்டிய இடங்கள் மூன்று. மூன்றும் தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே இருக்கின்றன. ஒன்று, 2024 மார்ச்சில் வெளியிட்ட தேர்தல் பத்திரப் பட்டியல். இரண்டு, கட்சிகள் ஆண்டுதோறும் தரும், 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளின் அறிக்கை. மூன்று, தேர்தல் அறக்கட்டளைகளின் அறிக்கை. பல கம்பெனிகள் நேரடியாகக் கட்சிக்குக் கொடுக்காமல் இந்த அறக்கட்டளைக்குக் கொடுக்கும். அது வாங்கியதில் 95 சதவீதத்தை அதே ஆண்டில் கட்சிகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பெரிய தொகை பல அங்கேதான் இருக்கும்.

தேடும்போது எங்கே வழுக்கும்?

பெயரில் வழுக்கும். பட்டியல்கள் ஆங்கிலத்தில், எழுத்துப் பிழையோடு, சுருக்கங்களோடு இருக்கும். ஒரே மாதிரிப் பெயரில் பத்து கம்பெனிகள் இருக்கும். அடையாள எண்ணையும் முகவரியையும் ஒப்பிடாமல் 'இவர்தான்' என்று குழுவில் போட்டால், நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வருவது உங்களுக்கு.

தேதியில் வழுக்கும். பத்திரம் வாங்கியவர் விவரம் 2019 ஏப்ரல் 12 முதல்தான் வெளியானது. திட்டம் நடைமுறைக்கு வந்தது 2018இல். பட்டியலில் பெயர் இல்லை என்பது கொடுக்கவே இல்லை என்பதற்குச் சாட்சியாகாது.

தாய்க் கம்பெனியில் வழுக்கும். சைக்கிள் விற்கும் கம்பெனியின் பெயரில் ஒன்றுமே இருக்காது, அதே குழுமத்தின் சிமென்ட்டோ உரமோ கொடுத்திருக்கும். உரிமையாளரைக் கண்டுபிடித்த பிறகே பணத்தைத் தேடச் சொல்வது இதற்காக.

ஒரே பெயர் இரண்டு, மூன்று கட்சிகளின் அறிக்கைகளில் வருவதும் உண்டு. ஆட்சியில் இருப்பவர், வரக்கூடியவர், தொகுதிக்காரர் எல்லோருக்கும் கொடுப்பது வியாபார இன்சூரன்ஸ். அதற்குக் கோபப்படலாம், ஆனால் 'அந்தக் கட்சியின் ஆள்' என்று சொல்ல முடியாது. ஒரு கட்சிக்கு மட்டும், தொடர்ந்து, மூன்று ஆண்டுக்கு மேல் என்றால் அதை நிலைப்பாடு என்று எடுத்துக்கொள்வது நியாயம்.

அமெரிக்க பிராண்டைப் பற்றிய செய்தியானால் ஒரு விஷயம். அங்கே கூட்டாட்சித் தேர்தல் வேட்பாளருக்குக் கம்பெனி தன் கல்லாவிலிருந்து நேராகப் பணம் தரச் சட்டம் அனுமதிப்பதில்லை. 'அந்தக் கம்பெனி இத்தனை கோடி கொடுத்தது' என்று வரும் படங்களில் பல, அங்கே வேலை பார்ப்பவர்கள் தனித்தனியாகக் கொடுத்ததைக் கூட்டிய கணக்கு.

செய்கை: எண்ணூரில் மூக்கில் ஏறியது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் என்று எல்லாம் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்துக்கு அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறியவர்களை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அந்தக் குழாய் கோரமண்டல் இண்டர்நேஷனல் உர ஆலையுடையது. அது முருகப்பா குழுமத்துக் கம்பெனி. பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ், மான்ட்ரா சைக்கிள்களை விற்கும் டிஐ சைக்கிள்ஸும் அதே குழுமம். 1949இல் தொடங்கியது, அம்பத்தூர் ஆலையால் இந்த ஊருக்குப் பழக்கமான பெயர்.

இதை எப்படி எடை போடுவது? இரண்டும் தனித்தனிக் கம்பெனிகள், தனித்தனிப் பங்குகள், தனித்தனி நிர்வாகம். சைக்கிள் கம்பெனியில் வெல்டிங் போட்டவர் கடலுக்குள் குழாய் பதிக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில், லாபம் ஏறிப்போய்ச் சேரும் குழுமம் ஒன்றுதான். முடிவு எப்படியும் போகலாம். ஆனால் எண்ணூர் மேம்பாலத்தில் சைக்கிளை நிறுத்திக் கழிமுகத்தைப் பார்க்கிறவர், யூட்டா நிலத்தைப் பற்றி முடிவெடுக்குமுன் இதைப் பற்றி ஒரு முடிவெடுத்திருக்க வேண்டும். புறக்கணிப்பதைவிடக் கேள்வி கேட்பதே இங்கே பலன் தரும். காரணம், இரண்டுமே பட்டியலிட்ட கம்பெனிகள் (சைக்கிள், டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெயருக்குக் கீழே வரும்). ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். முன்பதிவு செய்யும் கடைசித் தேதி அழைப்பறிக்கையில் இருக்கும், அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட கம்பெனிகள் 2022-23 முதல் பொறுப்பும் நீடிப்பும் பற்றிய தனி அறிக்கை தர வேண்டும். பிஆர்எஸ்ஆர் என்று தேடினால் வரும். அதில் கழிவுநீர், அபராதம், தொழிலாளர் புகார் ஆகிய மூன்று இடங்களை மட்டும் படியுங்கள். மீதி வண்ணப்படம்.

மழைக்கோட்டு, டென்ட் வாங்குகிறவர் கேட்க வேண்டிய செய்கை இன்னொன்று உண்டு. தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடத் துணிமேல் பூசும் பூச்சில் நீண்ட காலமாக ஃபுளோரின் சேர்மங்கள் இருந்தன. மண்ணிலும் ரத்தத்திலும் சிதையாமல் தங்குபவை. கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதல் உடைகளில் இவற்றுக்குத் தடை போட்டிருக்கிறது, கடும் மழைக்கான உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். சீட்டில் இந்தச் சேர்மங்களின் ஆங்கிலச் சுருக்கத்தோடு 'பிஎஃப்சி இல்லாதது' அல்லது 'பிஎஃப்ஏஎஸ் இல்லாதது' என்று இருக்கிறதா பாருங்கள். வாங்கினால் ஒரு பராமரிப்பு மாற்றம் உண்டு. இந்தப் புதிய பூச்சு எண்ணெயை எதிர்க்காது. சென்னை வியர்வையும் உடல் எண்ணெயும் கழுத்து, தோள் பகுதியில் ஏறினால் பத்துப் பதினைந்து தடவையிலேயே துணி ஈரம் குடிக்கும். பூச்சு போய்விட்டது என்று எறிந்துவிடுவார்கள். சாஃப்ட்னர் இல்லாத மென்மையான சோப்பு நீரில் அலசி, காய்ந்த பிறகு துணிச் சீட்டு அனுமதித்தால் மிதமான சூட்டில் மேலே ஒரு துணி வைத்து இஸ்திரி போட்டால் பெரும்பாலும் திரும்பி வரும்.

தெருமுனைக் கடையும் கட்சிக் கொடியும்

வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் கட்சிக் கொடிக்கம்பம் இல்லாத தெருமுனை அரிது. சைக்கிள் கடைச் சுவரில் தலைவர் படம் போட்ட காலண்டர் தொங்கும். அதை நிலைப்பாடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், யார் முதலில் காலண்டர் கொடுத்தார்களோ அவர்கள் படம். கூட்டம், மாநாடு, கோயில் திருவிழா என்று எல்லா ரசீதுப் புத்தகமும் அந்தக் கல்லாவுக்குத்தான் வரும். எல்லோருக்கும் ஐந்நூறு, ஆயிரம் கிழித்துக் கொடுத்தால்தான் கடை நிம்மதியாக நடக்கும். பெரிய கம்பெனிக்குப் போடும் எடையை இங்கே போடுவது அநியாயம். அந்தக் கடைக்காரர் உங்கள் பின்சக்கரத்தின் கோணலை ஐம்பது ரூபாய்க்கு எடுத்துத் தருகிறவர். அவரை இழந்தால் ஒவ்வொரு ட்ரூயிங்குக்கும் ஊரைத் தாண்ட வேண்டும்.

சின்னக் கடையிலும் பெரிய கடையிலும் கண்ணாலேயே பார்க்கக்கூடிய அரசியல் ஒன்று உண்டு: விற்பனைக்கு நிற்கும் பெண்ணுக்கு உட்கார ஸ்டூல் இருக்கிறதா? 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்து, வேலை செய்பவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றாக்கினார்கள். நான்கு மாடிக் கடையில் சுற்றுச்சூழல் வாசகம் சுவரெல்லாம் எழுதியிருக்கும், காலை பத்து மணியிலிருந்து நிற்கிற பெண்ணுக்கு ஒரு முக்காலி இருக்காது. அறிக்கை எதுவும் படிக்காமல், அரை நிமிடத்தில் கிடைக்கும் தகவல் இது.

எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

கொள்கைக்காகக் கடை மாறும்போது பொருளின் தரம் இறங்கலாம். பையிலும் பாட்டிலிலும் இறங்கினால் பரவாயில்லை. உயிர் தொங்கும் பொருளில் கூடாது.

சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி என்ற தர எண் இருக்க வேண்டும். ஒரு தடவை நன்றாக அடிபட்டால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளிருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருக்கும், மாற்றுங்கள். ஏரியிலோ கழிமுகத்திலோ துடுப்புப் போடுபவர்களுக்கு, நீச்சல் தெரிந்தவர் கரையோரம் என்றால் 50 நியூட்டன், தெரியாதவருக்கு 100க்குக் குறையாத உயிர்காப்பு உடை. காசிமேட்டில் கயிறு மலிவாகவும் உறுதியாகவும் கிடைக்கும். தார்ப்பாய் கட்ட, சாமான் இழுக்க அதைவிட நல்ல கயிறு இல்லை. பாறை ஏற மட்டும் அதைத் தொடாதீர்கள். ஏறும் கயிறு விழுகிறவரின் அதிர்ச்சியை வாங்கி நீள வேண்டும், இஎன் 892 என்ற தரம் அதற்குத்தான். வலைக் கயிறு அந்த அளவுக்கு நீளாது, விழுந்த வேகம் முழுக்க இடுப்பில் இறங்கும். இந்த மூன்றிலும் நல்லது விற்பவர் உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்காரராக இருந்தால் வாங்கிவிட்டு வந்து திட்டுங்கள்.

மற்றவற்றில், கொள்கையின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கடையில் 40 லிட்டர் ரக்சாக் 2,500, நீங்கள் விரும்பும் கடையில் 3,400 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 900. ஐந்து வருடம் உழைத்தால் மாதத்துக்கு 15 ரூபாய், ஒரு டீ. இதைக் கொடுக்க மனமிருந்தால் மாறுங்கள். அதே வித்தியாசம் டென்ட்டில் 9,000 என்று வந்தால், வருடத்தில் இரண்டு இரவுக்காக வாங்குகிறவர் இன்னொரு முறை யோசிக்க வேண்டும். புதிதாக வாங்காமலிருப்பது மூன்றாவது வழி. இரண்டாங்கையாக வாங்கினால் எந்தக் கம்பெனிக்கும் காசு போவதில்லை. ஆனால் சென்னையில் பழைய டென்ட் வாங்குமுன் விரித்து மோந்து பாருங்கள். புளித்த வாடையும் உள்பக்கம் பிசுபிசுப்பும் இருந்தால் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதைந்துவிட்டது, அதை மீட்க முடியாது. ஜிப் பல் கடிக்காவிட்டால் பத்தில் எட்டு முறை பல்லில் குறையிருக்காது, மேலும் கீழும் இழுக்கும் ஓடுகட்டைதான் தேய்ந்திருக்கும். குறட்டால் இரு பக்கமும் மெல்ல நெருக்கிப் பாருங்கள். சரிவராவிட்டால் பின்பக்கம் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து (5, 8, 10) அதே அளவு ஓடுகட்டையைப் பை தைப்பவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் முடிவு வாங்குமுன். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி முறைகேடு. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் செல்லாது. ஆனால் உரிமையாளரின் கட்சி பிடிக்கவில்லை என்பது பொருளின் குறையில்லை. அதைச் சொல்லி நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தால் எதிர்முனையில் இருப்பவர் பாவம்.

மாறினால் சொல்லிவிட்டு மாறுங்கள்

2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில், தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று அறிவித்தன. கொஞ்ச காலம் ஃபிரிட்ஜில் உள்ளூர்ப் பன்னீர் சோடா நிறைந்தது. பிறகு பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன. கம்பெனி என்ன செய்தால் இந்தத் தடை நீங்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் ஜெயித்தோமா தோற்றோமா என்றுகூடச் சொல்ல முடியாமல் போனது.

சத்தமில்லாமல் கடை மாறினால் கம்பெனிக்குத் தெரிவது விற்பனையில் ஒரு குறைவு மட்டும். மழை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆன்லைன் தளமானால் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலரின் பெயர் தளத்தில் இருக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் வர வேண்டும். அந்த முகவரிக்கு எழுதுங்கள். நான்கே வரி போதும்: கடந்த இரண்டு வருடத்தில் உங்களிடம் என்னென்ன, எவ்வளவுக்கு வாங்கினேன், எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்தில் எதைப் பார்த்தேன், இந்தத் தேதி முதல் வாங்குவதை நிறுத்துகிறேன், இதைச் செய்தால் திரும்பி வருவேன். நான்காவது வரியை விட்டுவிட்டால் அது வசை, பதில் வராது. தெருக்கடையானால் நேரில், கூட்டமில்லாத மதியத்தில், மற்ற வாடிக்கையாளர் முன்னால் இல்லாமல் சொல்லுங்கள்.

குழுவாக ஜெர்சியோ டென்ட்டோ வாங்கும்போது இந்த விவாதத்தைக் குழுவின் மேல் திணிக்காதீர்கள். இருபது பேரில் நான்கு கட்சி இருக்கும். இரண்டு கடையில் விலை வாங்கி, பெயர் எழுதாத சீட்டில் வாக்கெடுத்து, வேண்டாதவர் அதே நிறத்தில் வெறும் பனியன் தைத்துக்கொள்ள விடுங்கள்.

கடைசியாக, உங்கள் போனில் ஒரு குறிப்பு: கம்பெனியின் சட்டப்படியான பெயர், காரணம், ஆதாரம், தேதி, திரும்பிப் பார்க்கும் தேதி. ஒரு வருடம் சரியான இடைவெளி. 2025 ஜனவரியில் ஆர்இஐயை விட்டு விலகியவர் ஏப்ரலுக்குப் பிறகு மறுபடி பார்த்திருக்க வேண்டும். தேர்தல் ஆணையத்துக்கான நன்கொடை அறிக்கைகள் ஆண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகின்றன. அடுத்த அறிக்கை வந்ததும் அதே பெயரைத் தட்டிப் பார்த்து, குறிப்பைத் திருத்துங்கள் அல்லது அழியுங்கள்.